சிஸ்டர் சொன்னாங்க

எனக்கு மூக்கு நுனியில கோபம்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு வந்த கோபத்துக்கு நியாயம் இருந்துச்சு.

என் அக்கா ஒரு குழந்தைங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். ட்யூட்டி முடிஞ்சு வந்து, வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு மெதுவா சொன்னா. "தேதி முடிஞ்ச குளுக்கோஸ் பாட்டில்ல புது லேபிள் ஒட்டி வார்டுக்கு அனுப்புறாங்கடி."

நான் துள்ளி எழுந்தேன். அவ கையைப் பிடிச்சு உட்கார வச்சா.

"நான் என் தங்கச்சிகிட்ட சொன்னேன். நிருபர்கிட்ட இல்ல. என் வேலை போனா அம்மாவுக்கு மாத்திரை யாரு வாங்குவா, உன் பேப்பரா?"

என் சம்பளம் எந்த மூலைக்கு? எழுத மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன். ஆனா மூணு நாளா சோறு இறங்கல.

நாலாம் நாள் அவளே கேட்டா. "ஏன்டி இன்னும் எழுதல?"

"நீதானே வேணாம்னே! கொடுத்த வாக்கைக் காப்பாத்தினாலும் குத்தமா?" கத்திட்டேன்.

அவ கண்ணு கலங்கிடுச்சு. "இன்னைக்கு அந்த பாட்டிலை என் கையில கொடுத்தாங்க. கை தவறினாப்ல கீழ கொட்டிட்டேன். தினமும் எத்தனையைத்தான் கொட்டுவேன்? எழுது. என் பேரு மட்டும் வேணாம்." பையிலிருந்து உரிச்ச லேபிள் ரெண்டு எடுத்துக் கொடுத்தா.

எங்க பேப்பர் ஆசிரியர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"சிஸ்டர்."

"அங்க நாப்பது சிஸ்டர் இருக்காங்கம்மா. எந்த சிஸ்டர்?"

"என் சிஸ்டர், சார்."

கண்ணாடியைக் கழட்டினார். "அப்போ நீ எழுதக் கூடாது. வேற ஆள் விசாரிக்கட்டும். பேரு இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா அவர் சொன்னது சரிதான்.

செய்தி வந்த அன்னைக்கே பாட்டிலெல்லாம் வார்டை விட்டுப் போச்சு. அக்கா மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டா. கையில மடிச்ச யூனிஃபார்ம்.

"புதுசா சேர்ந்த பொண்ணைக் கூப்பிட்டு, நீதானேன்னு மிரட்டினாங்கடி. அழுது அழுது அது மூஞ்சியே வீங்கிடுச்சு. நான்தான்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! உன் பேரைக் காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்…"

"அந்தப் பொண்ணும் என்னை அக்கான்னுதான்டி கூப்பிடுது."

வெந்நீர் கொண்டு வந்து வச்சு, அவ காலை நானே எடுத்து உள்ள விட்டேன்.