தட்டில் மிஞ்ச வேண்டிய துண்டு

"அடுப்பக் கொறைடி லவான். கொதிக்க விட்டா ஆறினதும் கல்லாயிடும்."

"கொறைச்சுத்தான் வச்சிருக்கேன் அண்ணி. இதுக்கு மேல கொறைச்சா அணைஞ்சிடும்."

"அணைஞ்சா அணையட்டும். அவருக்குப் பல்லு எத்தனைன்னு தெரியாதா உனக்கு? உன் அண்ணன்தானே."

ஏவிஸ் அண்ணி சட்டியில் வெண்ணெயோடு உருகிக்கொண்டிருந்த மார்ஷ்மெல்லோ மிட்டாயை மரக்கரண்டியால் மெல்லப் புரட்டினாள். பை உடைந்து ஒட்டிப்போனதென்று கடையில் பாதி விலைக்குப் போட்டிருந்த மார்ஷ்மெல்லோ. பெயர் இல்லாத பெரிய பையில் வரும் மலிவான அரிசிப்பொரி. இந்த இரண்டையும் கொண்டுதான் எங்கள் மின்னசோட்டாப் பக்கம் பாதிக் கல்யாணங்களும் எல்லாச் சாவுகளும் நடக்கின்றன.

"நம்ம ஆளுங்கள ஊர விட்டுத் தூக்கிட்டுப் போக வர்றவனுக்குப் பலகாரம் வேறயா அண்ணி?"

"வெறுங்கையோட எப்படிப் போறது? அவனும் அவ்வளவு தூரம் பனியில ஓட்டிட்டு வர்றான்."

"பனியில சறுக்கிப் பள்ளத்துல விழுந்தான்னா கூட்டமாவது தள்ளிப்போகும்."

"சும்மா இரு. கோயிலுக்குப் போற நாள்ல பேசற பேச்சா இது?"

என் அண்ணன் ஆரின் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். ஒவ்வொருவராக எல்லோரையும் மறந்துவிட்டான். என்னைப் பார்த்தால் "முட்டை கொண்டாந்தியா?" என்று கேட்பான். அறுவடை முடிந்ததிலிருந்து சாப்பாட்டுக்கும் வாயை மூடிக்கொண்டான். தாதிகள் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிவிடுவான். தினமும் மதியத்துக்குப் பிறகு அண்ணி நடந்துபோய் அருகில் உட்கார்ந்து, இந்த மார்ஷ்மெல்லோப் பொரித்துண்டில் கொஞ்சம் கிள்ளி அவன் உதட்டில் வைப்பாள். அந்த இனிப்பு நாக்கில் பட்டால்தான் வாய் திறக்கும். திறந்த வாயில் பின்னாலேயே சூப்பும் போகும். அவன் உயிர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புத்தாண்டு கழிந்ததும் இல்லத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச்சோடு இங்கே மூடுகிறார்கள். எல்லோரையும் நகரத்தில் இருக்கும் பெரிய இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். அதை விளக்கத்தான் அன்று ஆராதனைக்குப் பிறகு கூட்டம். அந்த நகரம் காரில் இரண்டு மணி நேரம். கண் மங்கியதால் அண்ணி கார் ஓட்டுவதையே விட்டுவிட்டாள். நானோ காரை எடுத்தால் தபால் ஆபீஸ் வரைக்கும்தான் தைரியசாலி.

"இன்னிக்குக் கட்டாயம் கேக்கணும் அண்ணி."

"கேப்பேன். அங்க அவருக்கு யாரு ஊட்டுவாங்கன்னு கேப்பேன். அவ்வளவுதானே."

"எந்திரிச்சு நின்னு கேக்கணும்."

"நான் எந்திரிச்சா முட்டி போடற சத்தத்துலயே அந்தப் பிள்ளை ஓடிடும்."

அவள் பொரியைக் கொட்டிக் கிளறினாள். கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு கலவையைத் தகரத் தட்டில் பரப்பினாள். அழுத்தவில்லை. சும்மா மேலாகச் சமன் செய்தாள். அழுத்தினால் இறுகிவிடும்.

"அண்ணனுக்கு ஒண்ணு தனியா எடுத்து வைக்கலியா?"

"எதுக்கு? கடைசித் துண்டு எப்படியும் கெடக்கும். அப்படியே எடுத்துக்கிட்டு நேரா அவர்கிட்ட போயிடலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள். அந்தப் பாதியை இன்னொருவர் வந்து பாதியாக்குவார். நகத்தளவு ஆனாலும் ஒன்று தட்டில் கிடக்கும். கொண்டுவந்தவள் அதைத் திரும்ப எடுத்துப் போவாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்கு இறங்கினோம். நிறுவனத்திலிருந்து வந்தவன் பெயர் ட்ரெவர். நல்ல பையன்தான். காலணியிலிருந்த பனியை வாசலிலேயே தட்டிவிட்டு வந்தான். சுவரில் படம் காட்டினான்: பெரிய ஜன்னல்கள், மீன் தொட்டி, சிரிக்கும் கிழவர்கள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

கடைசியில் டூயன் கையைத் தூக்கினார். அவர் மனைவியும் அதே இல்லத்தில்தான் இருக்கிறாள்.

"அங்க வண்டி நிறுத்த எடம் இருக்குமா தம்பி?"

"தாராளமா இருக்கு சார்."

"அப்ப நல்லது."

நான் அண்ணியை முழங்கையால் இடித்தேன். அவள் கை மேலே போனது. கழுத்துவரை போய், சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, மடிக்குத் திரும்பிவிட்டது.

"கேளுங்க அண்ணி!"

"அந்தப் பிள்ளை மொகத்தப் பாரு. ஒண்ணுமே சாப்பிடல போல."

"அண்ணி!"

"காப்பி குடிக்கறப்போ தனியா கேட்டுக்கறேன்டி. எல்லாரு முன்னாடியும் எதுக்கு அவனச் சங்கடப்படுத்தணும்?"

காப்பி ஊற்றினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, அடுத்த வாரம் எவ்வளவு பனி கொட்டும் என்று எல்லோரும் பேசினார்கள். தட்டு காலியாகிக்கொண்டே வந்து ஒரே ஒரு துண்டில் நின்றது. டூயன் கத்தியை எடுத்து அதைப் பாதியாக்கத் தயாரானார்.

"இது யாருக்கும் வேணாமா?" ட்ரெவர் பக்கத்தில் வந்து நின்றான்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் எடுத்துக்கலாமா?"

எங்கள் ஆளாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. டூயனின் கத்தி அந்தரத்தில் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்.

"எடுத்துக்கோ தம்பி, எடுத்துக்கோ."

இரண்டு கடியில் முடிந்துவிட்டது.

"அடடா, என்னா மிருது! எங்கம்மா பண்ணினா செங்கல்லு மாதிரி இருக்கும். எப்படிம்மா பண்றீங்க?"

"அழுத்தக் கூடாது, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு இல்ல. நீங்க கூட்டிட்டுப் போறீங்கல்ல, அதுல அவரும் ஒருத்தர். ஆரின்."

"ஓ! அப்ப கவலையே வேணாம்மா. அங்க சமையல்காரங்ககிட்ட சொல்லிடறேன், இதே மாதிரி பண்ணித் தருவாங்க."

"பண்ணுவாங்க தம்பி. ஆனா அவரு வேற யாரு கையிலயும் வாங்க மாட்டாரு. அவருக்கு யாரு..."

"எல்லாரும் பயிற்சி எடுத்தவங்கம்மா. பொறுமையா ஊட்டுவாங்க."

"எவ்வளவு பொறுமையா?"

ட்ரெவர் கையிலிருந்த பிசுபிசுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அண்ணி ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பரவாயில்ல தம்பி. பாத்து ஓட்டிட்டுப் போ. பாலத்துப் பக்கம் வழுக்கும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "வீட்டுல பொரி இருக்கா அண்ணி?"

"பை காலி."

"கடை?"

"ஞாயித்துக்கெழமைடி, மூடியிருக்கும்."

காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக அண்ணனிடம் போனோம். ஆரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது. அண்ணி நாற்காலியை இழுத்ததுமே, எதுவும் உதட்டில் படுவதற்கு முன்பே, அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"லவான், சூப்பக் குடு, சீக்கிரம்."

கரண்டியை நீட்டினேன். மூடிக்கொண்டான்.

அண்ணி தட்டை மடியில் சாய்த்து வைத்து, மூலையில் ஒட்டிக் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். ஒரு பொரி வந்தது. அதை அவன் உதட்டில் வைத்தாள். வாய் திறந்தது. நான் ஒரு கரண்டி சூப் ஊற்றினேன். விழுங்கினான்.

"இன்னும்," என்றான்.

அண்ணி தட்டைத் திருப்பி அடுத்த மூலையைச் சுரண்டத் தொடங்கினாள்.