லிஃப்ட் இல்லாத தொடர்

என் அண்ணன் தன் நோயை எனக்கு ஒரு டிவி தொடராகச் சொன்னான். நான் அதைத் தொடர் என்றே நம்பி, பார்க்கிறவள் தோரணையில் ஒரு கருத்தும் சொன்னேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம் அதே வேலை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வட்டமாக வந்து சேரும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃப்ரேமின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. அவன் ஊருக்கும் என் ஊருக்கும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அம்மா போன பிறகு எங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. "சாப்பிட்டியா", "ஆச்சு", "உடம்பு?", "இருக்கு" என்று முடிந்துவிடும். ஒரு சனிக்கிழமை அதுவும் தீர்ந்துபோய், இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தபோது, "நேத்து ஒரு படம் பாத்தேன்" என்றான். அதைப் பிடித்துக்கொண்டோம். ஒன்பது வருடம் விடவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி, என் சாப்பாட்டு இடைவேளை. கடையின் பின்கட்டில், தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். அந்த வாரம் அவன் என்ன பார்த்தான், நான் என்ன பார்த்தேன். ஒரே ஒரு சட்டம்தான்: முடிவைச் சொல்லக் கூடாது.

மற்றவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவன் சொல்லும் படத்தில் கதை இருக்காது, லிஃப்ட் இருக்கும். "ஒருத்தன் ஓடி வர்றான், கதவு மூடப்போற நேரத்துல கையை விடறான். கதவு கையை நசுக்குதாம். அது எந்தக் காலத்து லிஃப்ட்டு? கை பட்டா திறக்கணும்ல" என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷம். கயிறு அறுந்து லிஃப்ட் விழுகிற படம் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அவனுக்கு வயிற்றெரிச்சல். "விழாதுடி. வேகம் கூடினா பக்கத்துல இருக்கற கம்பியை அதுவே கவ்விக்கும். முப்பது வருஷத்துல ஒண்ணுகூட விழுந்து நான் பாத்ததில்ல. இவனுங்க வாரம் ஒண்ணு விழ வைக்கிறானுங்க."

நான் மட்டும் என்ன ஒழுங்கு? எனக்குக் கண்ணாடிதான் கண்ணில் படும். கண்ணாடி இல்லாவிட்டால் கண்ணே தெரியாத புரொபசர் என்று ஒருவரைக் காட்டுவார்கள். அவர் பக்கவாட்டில் திரும்புவார். உண்மையிலேயே அவ்வளவு பவர் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் கன்னத்தின் விளிம்பு உள்ளே ஒடுங்கித் தெரிய வேண்டும். இவருக்கு நேராக இருக்கும். பவரே இல்லாத வெறும் கண்ணாடி. அதற்குப் பிறகு அவர் என்ன அழுதாலும் எனக்கு ஒட்டாது.

"நீ கண்ணாடியைப் பாரு, நான் லிஃப்டைப் பாக்கறேன். படத்தை யாராவது பாப்பாங்க" என்பான் அண்ணன்.

அண்ணி டிவி பக்கம் திரும்பவே மாட்டார். அவர் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். போனுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும்: "அண்ணனும் தங்கச்சியும் ஆரம்பிச்சாச்சா? ஊர்ல இருக்கறவங்க சொந்தக் கதை பேசுவாங்க. இதுங்க ரெண்டும் எவன் கதையையோ பேசுதுங்க."

அது உண்மைதான். எங்கள் சொந்தக் கதை எப்போதும் எவன் கதைக்குள்ளாவதுதான் வந்தது. என் கல்யாணம் முறிந்ததைக்கூட நான் அவனிடம் நேரடியாகச் சொல்லவில்லை. ஒரு படத்தில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைச் சொல்லி, "அவ பண்ணது சரின்னுதான் தோணுது" என்றேன். "அந்தப் பெட்டி கனமா இருக்கும்போல, நான் வேணா வரட்டுமா?" என்று கேட்டான். மறுநாள் வந்து நின்றான். அவன் புரிந்துகொண்டான். என் முறை வந்தபோது எனக்குப் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி என்றான்.

"புதுசா ஒரு தொடர். பேரு வாயில நுழையல. மொத்தம் பத்து பகுதி. ரெண்டு பாத்தேன்."

"கதை?"

"ஒருத்தன் கடிகாரம் ரிப்பேர் பண்றவன். தம்பி ஒருத்தன், வெளியூர்ல வாத்தியார். அண்ணன்காரனுக்கு ரத்தத்துல ஏதோ கோளாறு. டாக்டர் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிட்டார். இப்ப அவன் தம்பிகிட்ட சொல்லணுமா வேணாமான்னு யோசிக்கறான். அங்க நிக்குது."

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ சொல்லுன்னுதான் சொல்றா. நீ என்ன நினைக்கற?"

நான் அப்போது டப்பாவில் கடைசி வாய் சோற்றை வழித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயில் சோற்றோடுதான் சொன்னேன்:

"சொல்லக் கூடாது. ரெண்டாவது பகுதியிலயே சொல்லிட்டா மிச்சம் எட்டுக்கு என்ன பண்ணுவான்? ஒரே அழுகாச்சி ஆயிடும். மறைக்கட்டும். மறைச்சாதான் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாம் பகுதி. கடிகாரக்காரன் சிகிச்சைக்குப் போகிறான், கடையில் விசாரிக்கிறவர்களிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்கிறான். நான்காம் பகுதியில் முடி கொட்டுகிறது. தொப்பி வாங்கப் போன இடத்தில் எல்லாத் தொப்பியும் பெரிதாக இருக்கிறது, கடைசியில் சிறுவர்கள் தொப்பி ஒன்று பொருந்துகிறது. அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஐந்தாம் பகுதியில் தம்பி பார்க்க வருகிறேன் என்கிறான், அண்ணன்காரன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று தட்டிக்கழிக்கிறான்.

அதே வாரம் நானும் அவனைப் பார்க்க வருவதாகச் சொன்னேன். "இப்ப வேணாம், இங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல், உனக்கும் ஒட்டிக்கும்" என்றான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உறைப்பது இருக்கட்டும், கடையில் என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் அந்தத் தொடரை வாராவாரம் சொல்லவும் செய்தேன். "பாவம்க்கா அந்தத் தம்பி, மண்டு மாதிரி இருக்கான்" என்றாள் அவள். "ஆமா, அவனுக்கு எதுவுமே தெரியல" என்றேன் நான்.

ஒன்பதாம் பகுதி வந்தது. கடிகாரக்காரன் ஆஸ்பத்திரியில் நாலு மாடி ஏறுகிறான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். மூன்றாவது மாடியில் உட்கார்ந்தேவிடுகிறான். இதைச் சொல்லும்போது அண்ணனுக்கே மூச்சு வாங்கியது.

"ஏன் ஏறணும்? அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில லிஃப்ட் இல்லையா?"

"இருக்கு. ஓடல."

"என்ன ரிப்பேர்?"

"தெரியல."

என் கையில் கழுவாத டப்பா இருந்தது. அதை மெஷின் மேல் வைத்தேன்.

படத்தில் இரண்டு நொடி வந்துபோகிற லிஃப்டுக்குப் பத்து நிமிஷம் பேசுகிறவன். எதிர்வீட்டு மாடியில் லிஃப்ட் முனகுவதை நடைபாதையில் நின்று கேட்டே, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். லிஃப்ட் ஓடவில்லை, என்ன ரிப்பேர் என்று தெரியாது என்கிறான். அப்புறம்தான் என் நினைவு பின்னோக்கி ஓடியது. மூன்றாம் பகுதி, நான்காம் பகுதி, ஐந்து. ஏழு வாரத்தில் ஒரு தடவைகூட லிஃப்டைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடக்கிற தொடரில் ஒரு லிஃப்ட் இல்லை. அப்படி ஒரு தொடரை என் அண்ணன் பார்த்திருக்க முடியாது.

"அண்ணா, கடைக்கு ஆள் வந்திருக்கு. வெச்சிடறேன்" என்றேன்.

"சரி கண்ணாடி" என்றான். சின்ன வயதிலிருந்து இல்லை, இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

முதலாளியிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டரை மணி நேரமும் நான் யோசித்தது நோயைப் பற்றி இல்லை. "மறைச்சாதான் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்" என்ற என் குரல்தான் காதில் இருந்தது.

அண்ணிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. வழி விடவும் இல்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அண்ணி, எனக்குத் தெரியாது."

"நீதான் சொல்ல வேணாம்னு சொன்னியாமே. நான் முதல் நாள்லேருந்து சொல்லுங்க சொல்லுங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன். 'தங்கச்சிகிட்ட கேட்டுட்டேன், அவளுக்கு வேணாமாம்'னுட்டார். ஏழு வாரமா உன்மேல அவ்ளோ கோவத்துல இருக்கேன்."

"தொடர்னு நினைச்சேன் அண்ணி. சத்தியமா தொடர்னுதான் நினைச்சேன்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல" என்று வழி விட்டார்.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். நீலத் தொப்பி, சிறுவர்கள் தொப்பிதான். முகம் இளைத்ததில் கண்ணாடி மூக்கின் நடுவில் வந்து நின்றது. நாலு வருடத்துக்கு முன் நானே அளவெடுத்துச் செய்துகொடுத்த கண்ணாடி. அது எவ்வளவு இறங்கியிருந்ததோ அவ்வளவு அவன் குறைந்திருந்தான். எனக்கு வேறு அளவு தேவைப்படவில்லை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தத் தொடர் பத்தி நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எது?"

"ரெண்டாவது பகுதியிலயே தம்பிகிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லிட்டா மிச்சம் எட்டுக்கு என்ன பண்றதுன்னு நீதான கேட்ட."

"தம்பி வந்து பக்கத்துல உக்காந்திருப்பான். அதைப் பாத்துட்டிருக்கலாம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் அதைக் கழற்றி, அண்ணியிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, காதில் மாட்டும் முனைகளை அதில் முக்கி இளக்கி, உள்ளே வளைத்தேன். மூக்குத் தாங்கிகளை நெருக்கினேன். மாட்டிவிட்டபோது நின்றது.

"சென்சார்" என்றான் திடீரென்று.

"என்ன?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. கதவுல சென்சார்ல தூசி. மூடப் பாக்குது, திறக்குது, மூடப் பாக்குது. துணியை வெச்சு ஒரு தொடை தொடைச்சா போதும். சொல்லித் தொலைக்கலாம்னு பாத்தேன், மூச்சு வாங்கினதுல முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, போன்ல."

"சொல்லியிருந்தா கண்டுபிடிச்சிருப்பியே."

"சொல்லாததுலதான் கண்டுபிடிச்சேன்."

அண்ணன் சிரித்தான். இருமல் வந்தும் சிரித்தான். "பத்தாவது பகுதி இன்னும் வரல" என்றான். "வரும்போது நீ இங்கயே இரு."

அதற்குப் பிறகு எனக்குப் பதினொரு சனிக்கிழமைகள் கிடைத்தன. கடையில் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விடுவேன். பெரியவர்களான பிறகு முதல் தடவையாக ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தோம். முதல் இரண்டு வாரம் சரிப்பட்டே வரவில்லை. பார்த்து முடித்த பிறகு சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. அப்புறம் அவனே வழி கண்டுபிடித்தான். படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வான், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும். "இப்ப லிஃப்ட் வருது" என்றால் மட்டும் கண் திறப்பான். ஒவ்வொரு வாரமும் கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே வளைத்தேன். கடைசியில் வளைக்க இடம் இருக்கவில்லை.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார். டிவியைப் பார்க்க மாட்டார், எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அண்ணன் போனான். அந்த வாரம் நான் கடைக்குத் திரும்பவில்லை, அங்கேயே இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனைப் பையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. நாலாவது சனிக்கிழமை பைக்குள் மணி அடித்தது. அண்ணி.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி. நீங்க?"

"ஆச்சு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நேத்து ஒரு படம் பாத்தேன்."

நான் டப்பாவை மூடி வைத்தேன்.

"எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க ரெண்டு பேரும் சொல்ற மாதிரி வராது. முதல்லயே சொல்லிடறேன், கடைசியில அந்தப் பெரியவர் செத்துப்போயிடறார்."

"அண்ணி, முடிவைச் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம்."

"உங்க சட்டத்தை நீங்களே வெச்சுக்கங்க. நான் பட்டது போதும். என்கிட்ட கேட்டா முடிவுலேருந்துதான் சொல்லுவேன். வேணுமா வேணாமா?"

"வேணும்" என்றேன்.

அண்ணி முடிவிலிருந்து ஆரம்பித்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று அவருக்கே குழம்பியது. மகன் என்றவரை நடுவில் மருமகன் ஆக்கினார். கதாநாயகியை "அந்த மூக்கு நீளமான பொண்ணு" என்றார். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். முடிக்கிற நேரத்தில் எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நிறுத்தினார்.

"ஒரு இடத்துல லிஃப்ட் வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு பேர் ஏறினாங்க. கதவு மூடிச்சு. ஒழுங்கா மூடிச்சான்னு பாக்கறதுக்குள்ள படம் எடுத்தவன் அடுத்த காட்சிக்குப் போயிட்டான்." அண்ணி பெருமூச்சு விட்டார். "இன்னொரு தடவை போட்டுப் பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்."