வெள்ளைக்கார டாக்டரம்மாவின் சொல்

மிஷன் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து, வெள்ளைக்கார டாக்டரம்மா "புவர் திங்" என்றார். பொழுது சாய்வதற்குள் அவள் கண்ணை மூடி மவுத்தாகிவிட்டாள். அதிலிருந்து, கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த அஜீசாவுக்கு அந்தப் பாழாய்ப்போன சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும். டாக்டரம்மா வந்தால், காய்ச்சலில் கிடக்கும் மகளை முந்தானையால் மூடி ஓதி ஊதுவாள்.

நர்ஸ் சிரித்தாள். "நாம 'பாவம்'னு சொல்றோமே, அதுதாங்க அது. நொண்டிக் காக்கா, வாடின செடி, எல்லாத்துக்கும் அதையேதான் சொல்லுவாங்க."

அஜீசாவுக்கு உயிர் வந்தது. மறுநாள் அவளே முந்தானையை விலக்கினாள். டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பேசாமல் அஜீசாவின் தோளில் கைவைத்தார்.

அந்தச் சொல்லையாவது சொல்ல மாட்டாரா என்று அஜீசா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.