எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்

புயல் ஓய்ந்த நான்காம் நாள், எங்கள் ஹெலிகாப்டரில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முறையாக எரிந்தது.

சாமர் தீவின் கரையோரம், கூரை பறந்துபோன ஒரு பள்ளியின் மைதானத்தில் இறங்கியிருந்தோம். நான் அந்த ஹெலிகாப்டரின் பராமரிப்பு சார்ஜண்ட், மரிவிக் டகூனோ. வால் விசிறியைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டிக்குள் ஒரு சின்னக் காந்தம் உண்டு. எண்ணெயில் இரும்புத் துகள் வந்து அதில் ஒட்டினால் விளக்கு எரியும். அப்படி எரிந்தால் துகளைத் துடைத்து, அரைமணி நேரம் தரையிலேயே எஞ்சினை ஓட்டி, மறுபடி கழற்றிப் பார்த்துப் பராமரிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டாம் தடவையும் எரிந்தால் பெட்டியை மாற்றாமல் கிளம்பக் கூடாது.

கழற்றிப் பார்த்தேன். மாவு போலக் கொஞ்சம் பொடி இருந்தது. துடைத்தேன். மைதானத்து ஓரத்தில் அரிசி மூட்டைக்காக முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். கேப்டன் அர்னெல் தாக்லே ஐந்து நிமிடம் ஓட்டினாலே போதும் என்றார், எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எழுதினால் தலைமைத் தளத்தில் கேள்வி கேட்பார்கள், வண்டியை நிறுத்திவிடுவார்கள். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் மறுபடி எரிந்தது. மறுபடி துடைத்தேன். அன்றும் எழுதவில்லை. பறக்கும்போதெல்லாம் வால் பக்கத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நேரம் சத்தம் மாறியதுபோல் இருக்கும், மறு நேரம் எல்லாம் பிரமை என்று தோன்றும்.

அதற்கடுத்த நாள் காலை விளக்கு எரிந்தபோது காந்தத்தில் ஒட்டியிருந்தது பொடி இல்லை. வெட்டிய நகம் போல வளைந்த ஓர் இரும்புச் சில். பல்சக்கரத்தின் பல்லிலிருந்து பெயர்ந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்க் கேப்டனிடம் காட்டினேன், இனிமேல் இது பறக்கக் கூடாது என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஆறு நாளாகச் சரியான தூக்கம் கிடையாது அவருக்கு. பள்ளி வராண்டாவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இரத்தப்போக்கோடு படுத்திருந்தாள். ஜலசந்திக்கு அந்தப்பக்கம்தான் ஆஸ்பத்திரி, இருபத்திரண்டு நிமிடப் பறப்பு. வேறு ஹெலிகாப்டர் வர நான்கு மணி நேரமாகும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். கேப்டன் தலைமைத் தளத்துப் பராமரிப்பு மேஜரைக் கூப்பிட்டார். மேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: இதற்கு முன்னால் எரிந்ததாகப் புத்தகத்தில் இருக்கிறதா?

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"புத்தகத்துல ஒண்ணும் இல்ல சார்" என்றார் அவர் ரேடியோவில்.

அப்படியானால் நோயாளியை இறக்கிவிட்டு வண்டியை நேரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது.

புறப்பாட்டுத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கேப்டன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லிடு மரிவிக்" என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் நெஸ்டர் பலுயோட் வந்தார். என்னைப் போலவே பராமரிப்பாளர், அன்று காலைதான் எரிபொருள் பீப்பாய்களோடு படகில் வந்து சேர்ந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர், மனாங் என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். புத்தகத்தைப் புரட்டினார். காகிதத்தில் இருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் தடவதானே மனாங்?"

கேப்டன் பக்கத்திலேயே நின்றார். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. இரண்டு நாள் எழுதாமல் விட்டதை நெஸ்டர் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"முதல் தடவன்னா இருபது நிமிஷம் தாங்கும். நான் போடறேன் கையெழுத்து, நானே கூடப் போறேன். நீங்க கொஞ்சம் தூங்குங்க, மூஞ்சியே சரியில்ல" என்றார்.

அவர்கள் கிளம்பினார்கள். நான் கையடக்க ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினான்காவது நிமிடத்தில் வால் பக்கம் அதிர்கிறது என்றார் கேப்டன். அடுத்து, கால் மிதியில் பிடிப்பில்லை, வண்டி சுற்றுகிறது என்றார். அதற்கப்புறம் வெறும் இரைச்சல். ரேடியோவை அணைக்க என் விரல் வரவில்லை.

கரைக்கு அருகே ஆழமில்லாத கடலில் விழுந்திருந்தது. மீனவர்கள் கேப்டனையும் துணை விமானியையும் அந்தப் பெண்ணையும் இழுத்துப் போட்டார்கள். பெண் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. பின்பக்கம் உட்கார்ந்திருந்த நெஸ்டரின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

முதல் விசாரணைக் குறிப்பு ஒரே வாரத்தில் வந்தது. சில் கிடைத்தும் பறக்க அனுமதித்தவர் கையெழுத்திட்ட பராமரிப்பாளர், தவறு அவருடையது என்று இருந்தது. முன்பு எந்த எச்சரிக்கையும் பதிவாகவில்லை என்றும் இருந்தது. கேப்டன் முதுகெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

துக்க வீட்டுக்கு ஒரு பிற்பகலில் போனேன். துக்கம் காக்க வந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நெஸ்டரின் மனைவி ஜெம்மா காபியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் சரியாப் பாக்கலன்னு பேசிக்கறாங்க. நீங்க கூட இருந்தீங்களே மனாங், அப்படியா?"

சொன்னேன். விளக்கு மூன்று தடவை எரிந்ததை, நான் துடைத்ததை, எழுதாததை, அவர் கேட்டபோது தலையாட்டியதை. அவள் அழவில்லை. என் முன்னால் இருந்த காபியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவர் பேர எழுதினவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இங்க வராதீங்க."

மறுநாள் காலை விசாரணை அதிகாரிகளின் முன் நின்றேன். இரண்டு மணி நேரம் பேசினேன். ஓர் அதிகாரி, அந்த இரண்டு நாளையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா, உன் வேலையை யோசித்துப் பார் என்று தணிந்த குரலில் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அறிக்கையைத் திருத்தினார்கள். நெஸ்டர் மீதிருந்த பழி நீங்கியது. கேப்டனுக்குப் பறக்கும் உரிமை போயிற்று, மேஜரை இடம் மாற்றினார்கள், என்னைப் பராமரிப்பு வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே வகை ஹெலிகாப்டர்கள் எல்லாவற்றின் வால் பெட்டிகளையும் திறந்து பார்த்தபோது இன்னும் இரண்டில் பல் பெயர்ந்திருந்தது. அந்த இரண்டின் புத்தகங்களும் சுத்தமாகத்தான் இருந்தனவாம்.

திருத்திய அறிக்கையின் நகலை ஜெம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் போகவில்லை.