மஞ்சள் ஜோடிக்குப் பிறந்த கறுப்புக் குட்டிகள்

அம்மா மஞ்சள், அப்பா மஞ்சள், கூண்டுக்குப் பூட்டு, சாவி அக்கா தங்கை இருவரில் மூத்தவளின் கைப்பையில். அப்படியிருந்தும் பிறந்த ஐந்து குட்டிகளில் இரண்டு கறுப்பு.

பிறந்த அன்று எதுவும் தெரியாது. சுண்டெலிக் குட்டி மயிரே இல்லாமல், விரல் நுனியளவு இளஞ்சிவப்புச் சதையாகத்தான் வெளியே வரும். சில நாளில் தோலுக்கடியிலிருந்து நிறம் மெல்ல மேலேறும். அப்போதுதான் வண்டவாளம் தெரியும். மூத்தவள் பஞ்சை விலக்கிப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விலக்கிப் பார்த்தாள். இடையில் நிறம் மாறிவிடுமா என்ன?

செல்லப்பிராணிக் கடைகளுக்குச் சுண்டெலி வளர்த்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பின்னறை முழுக்க அடுக்கடுக்காகக் கூண்டுகள். சிவப்புக் கண் வெள்ளைகள், சாக்லேட் நிறத்தவை, புள்ளிபோட்டவை, காற்றில் அலையும் நீள மயிர்க்காரர்கள், மீசைகூடச் சுருண்டிருக்கும் சுருட்டைகள். இவ்வளவு வேஷம் போட்டாலும் எல்லாம் ஒரே இனம். அடுப்புக்குப் பின்னால் ஓடுகிறதே, அந்தத் திருட்டுப்பயலின் பேரப்பிள்ளைகள். ஒரு கையில் எலிப்பொறியும் மறு கையில் குழந்தையுமாக வந்து, "பிள்ளைக்கு வெள்ளையா ஒண்ணு குடுங்க" என்று கேட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு அதில் எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

வெளியெலி ஏதாவது புகுந்திருக்குமோ என்று முதலில் யோசித்தாள். பென்சில் நுழையும் இடைவெளி போதும், சுண்டெலி நுழைந்துவிடும். தலை போனால் உடம்பு தானே பின்னால் போகும். ஆனால் வெளியெலி கறுப்பல்ல. அதன் ஒவ்வொரு மயிரிலும் நுனிக்குக் கீழே ஒரு மஞ்சள் வளையம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து பழுப்பாகத் தெரியும். அந்தத் தகப்பனுக்குப் பழுப்பு பிறக்கலாம். இப்படி அடுப்புக்கரி மாதிரி பிறக்காது.

பின்னறையில் கறுப்பாக இருந்த ஆண் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் மேனேஜர். வெளியே விட்டால் ஒவ்வொரு கூண்டாகப் போய், முன்னங்காலைத் தூக்கி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகரும். அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய தங்கை.

இந்த ஜோடி பிறப்பதற்கு முன்பே மேனேஜர் செத்துவிட்டான். சாகவில்லை, மூத்தவள்தான் சாகக் கொடுத்தாள். 

அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். இளையவள் பகலில் பார்லரில் முடி வெட்டுவாள். சாயங்காலம் வந்ததும் மேனேஜரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூண்டுகளைக் கழுவுவாள். மூத்தவளுக்கு ஒரே ஆசை: வேறு நிறமே கலக்காத மஞ்சள் பரம்பரை ஒன்றை உண்டாக்க வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்காத, பழுத்த மாம்பழ நிறத்தில், தலைமுறை தலைமுறையாக மஞ்சளே பிறக்கிற ஒன்று. அதற்காக நல்ல மஞ்சளாகப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தாள். ஒவ்வொரு ஈற்றிலும் கறுப்பு வந்து நின்றது.

"நீதானே அவனை மஞ்சள் கூண்டுல விட்டே?"

"நான் எதுக்குடி விடப்போறேன்? சத்தியமா விடலக்கா." இளையவளுக்குக் கோபம் வந்தால் 'டி'யும் 'அக்கா'வும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"அப்ப கறுப்பு எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து குதிச்சுதா?"

"எனக்கென்ன தெரியும்? உன் எலியைக் கேளு."

"தோள்ல ஏத்திக் கொஞ்சினா இப்படித்தான். எது எங்க போகுதுன்னு உனக்கே தெரியறதில்ல."

அடுத்த ஈற்றிலும் கறுப்பு. அன்றைக்குப் பாம்பு வளர்ப்பவர் வழக்கம்போல வந்தார். விற்காத எலிகளை எடுத்துப்போவது அவர்தான். மலைப்பாம்பும் சாப்பிட வேண்டுமே. பெயர் வைத்த எலியை அவருக்குக் கொடுப்பதில்லை என்று அக்காளுக்கும் தங்கைக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மூத்தவள் கறுப்புக் குட்டிகளோடு மேனேஜரையும் பெட்டியில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் வந்த இளையவள் வெறும் கூண்டைப் பார்த்தாள்.  கூண்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் தன் துணிகளை எடுத்துக்கொண்டு பார்லரின் மாடியறைக்குப் போய்விட்டாள்.

இப்போது பூட்டிய கூண்டுக்குள் இரண்டு கறுப்புகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மூத்தவள் இந்த முறை அவற்றைப் பாம்புக்குக் கொடுக்கவில்லை. வளரவிட்டாள். தங்கையின் முகத்தைப் பார்க்கும் முன் உண்மை என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தாள். கறுப்பையும் கறுப்பையும் சேர்த்தாள். கறுப்பே பிறந்தது, மருந்துக்கும் ஒரு மஞ்சள் இல்லை. ஆக, கறுப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கவில்லை. பிறகு வீட்டிலிருந்த ஒவ்வொரு மஞ்சளையும் ஒரு கறுப்போடு சேர்த்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் மஞ்சளும் பிறந்தது, கறுப்பும் பிறந்தது. மஞ்சளுக்குள்தான் கறுப்பு ஒளிந்திருந்தது. எல்லா மஞ்சளுக்குள்ளும்.

அது போதும், தங்கை குற்றமற்றவள் என்பதற்கு. ஆனால் ஒரு கணக்கு இன்னும் இடித்தது. அதையும் தூக்கிக்கொண்டுதான் பார்லருக்குப் போனாள்.

இளையவள் ஒரு டீச்சரின் ஈரத் தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளிப் மாட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள். திரும்பவில்லை.

"முடி வெட்டணும்னா உக்காரு. முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"ஒரு விஷயம் சொல்லணும்."

"எலி விஷயம்னா வேண்டாம்."

"எலி விஷயந்தான். தப்பு உன் மேல இல்ல. மேனேஜர் மேலயும் இல்ல."

கத்தரிக்கோல் நின்றது. டீச்சர் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். "எலியா? இங்கயா?"

"இங்க இல்ல டீச்சர், எங்கக்கா மண்டைக்குள்ள. காலைக் கீழ விடுங்க."

மூத்தவள் நடந்ததைச் சொன்னாள். புது ஜோடி, தனிக் கூண்டு, பூட்டு, சாவி, அப்படியும் கறுப்பு.

"பூட்டு எதுக்கு?" என்றாள் இளையவள். "நான்தான் அங்க இல்லையே. யாரு வந்துடுவான்னு பூட்டினே?"

 வாசற்கதவின் இன்னொரு சாவி தங்கையிடம் இருந்தது. அதை நினைத்துத்தான் மூத்தவள் பூட்டினாள். இளையவளுக்கு அது புரிந்தது என்று கண்ணாடியிலேயே தெரிந்தது.

"சரி, சொல்லித் தொலை. கறுப்பு எப்படி வந்துச்சு?"

மூத்தவள் தட்டிலிருந்து கிளிப்புகளை எடுத்தாள். மஞ்சள் ஒன்றும் கறுப்பு ஒன்றும் ஒரு பக்கம், அதேபோல் இன்னொரு பக்கம். "ஒவ்வொரு எலிக்கும் நிறம் ரெண்டு பங்கா வருது. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து வந்தா மஞ்சள்தான் வெளிய தெரியும், கறுப்பு உள்ள கம்முனு கிடக்கும். நம்ம மஞ்சள் எல்லாமே அப்படித்தான். இப்ப ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒவ்வொண்ணு எடு."

இளையவள் எடுத்து வைத்தாள். மஞ்சளும் கறுப்பும். கறுப்பும் மஞ்சளும். கறுப்பும் கறுப்பும்.

"இதோ உன் கறுப்புக் குட்டி," என்றார் டீச்சர், கழுத்தை நீட்டி.

"இன்னொண்ணு இருக்கே," என்ற இளையவள், இரண்டு மஞ்சளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "மஞ்சளும் மஞ்சளும். நீ தவமிருந்தியே, கலப்பே இல்லாதது. இது எங்க?"

"அதுதான் இடிக்குது. நாலுல ஒண்ணு அப்படிப் பொறக்கணும். அதைக் கறுப்போட சேர்த்தா குட்டி எல்லாமே மஞ்சளா வரணும். வீட்டுல இருக்கற அத்தனையையும் சேர்த்துப் பார்த்துட்டேன். அப்படி ஒண்ணுகூட இல்ல."

இளையவள் சீப்பால் தன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "மஞ்சள் ஜோடிக்கு எப்பவும் குட்டி கம்மிதானே? மஞ்சள் எலிங்க குண்டா இருக்கறதாலன்னு சொல்லுவியே."

"ஆமா."

"அதே குண்டைக் கறுப்போட சேர்த்தியே, அப்ப?"

"கூடு நிறைய..." மூத்தவள் அந்த இரண்டு மஞ்சள் கிளிப்புகளைப் பார்த்தாள்.

இளையவள் இரண்டு மஞ்சள் கிளிப்புகளையும் எடுத்துத் தட்டில் போட்டாள். "பொறக்கல. வயித்துலயே போயிடுது. உள்ள பாதி கறுப்பு இருந்தாத்தான் மஞ்சள் பொழைக்குது."

 டீச்சரின் தலையிலிருந்து தண்ணீர் தோளில் சொட்டியது.

"எவ்வளவு காலமா மஞ்சளுக்கு மஞ்சளே சேர்த்துட்டிருக்கோம்?" என்று கேட்டாள் இளையவள்.

"ஆரம்பத்துலேருந்து. நீ இல்ல, நான்தான் சேர்த்தேன்." மூத்தவள் தட்டையே பார்த்தாள். "நான் தவமிருந்த மஞ்சள் வயித்துக்குள்ளயே செத்துட்டிருந்திருக்கு. நான் வெளிய தேடிட்டிருந்தேன். கூடவே மேனேஜரையும்... என்னை மன்னிச்சுடுடி."

"என்கிட்ட என்னத்துக்கு? மன்னிக்க வேண்டியவன் பாம்பு வயித்துக்குள்ள போயிட்டான்."

"வீட்டுக்கு வந்துடு."

"வந்தா ஒவ்வொரு கூண்டாப் பார்ப்பேன். எதைக் காணோம்னுதான் பார்ப்பேன். உன்னையும் அப்படியேதான் பார்ப்பேன். வேண்டாங்கா." அவள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். டீச்சரின் தலையை இரண்டு கையாலும் நேராக்கினாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "போனதும் அந்த மஞ்சள் ஜோடிங்களைப் பிரிச்சு விடு. இனிமே கறுப்பைப் பாம்புக்குக் குடுக்காதே. அதுதான் மஞ்சளுக்குச் சரியான ஜோடி. இதையாவது கேளு."

"கேக்கறேன்."

மூத்தவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போனாள். தூங்கிக்கொண்டிருந்த மஞ்சள் ஜோடிகளை ஒவ்வொன்றாக எழுப்பிப் பிரித்தாள். ஒவ்வொரு மஞ்சளுக்கும் வேறு ஈற்றில் பிறந்த ஒரு கறுப்பைத் துணையாக விட்டாள். பாம்பு வளர்ப்பவரிடம் இனிக் கறுப்பு இல்லை என்று போனில் சொன்னாள். வேறு நிறம் கலக்காத மஞ்சள் பரம்பரை என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டாகப்போவதில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சளோடு கறுப்பைத்தான் சேர்க்க வேண்டும். பிறப்பதில் ஏறக்குறைய பாதி மஞ்சளாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கும். நிறத்தின் காரணமாக எந்தக் குட்டியும் வயிற்றுக்குள் சாகாது.