மூன்று மலைகளின் செடி

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது, தாவர ஆராய்ச்சி நிலையத்து ஜீப் வாசலில் வந்து நின்றது. அதிகாரி கிமாரோ இறங்கினார். டிரைவர் அரிசி மூட்டையை இறக்கி வைத்தான். கிமாரோ துக்கம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நிலையத்துக்குச் செடி சேகரித்துவந்த அப்பா ஷெம்போகோவின் நோட்டுப்புத்தகங்களை இன்றே எடுத்துப்போக வேண்டும் என்றார். திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர் வருகிறாராம்.

பள்ளிக்கூட டீச்சரான மகள் முவாந்துமு கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த வெளிநாட்டுக்காரரை அவளுக்குத் தெரியும். போன வருஷம் வந்த அவருடைய புத்தகத்தை, பார்வை மங்கிய அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். காப்பிக் குடும்பத்துப் புதிய புதர்ச்செடி, வெள்ளைப் பூ, உலகத்திலேயே லுவேரா மலையில் மட்டும் இருப்பது என்று போட்டிருந்தது. செடிக்கு வைத்த பெயர் அவர் மனைவியின் பெயர். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

அப்பா அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். அந்தச் செடியை அவர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே லுவேரா, ம்ஸிம்பா, கிஹோரி என்று மூன்று மலைகளில் பார்த்து, காயவைத்து, தாளில் ஒட்டி, நிலையத்து அலமாரியில் வைத்தவர். இலையின் அடிப்பக்கத்தில் நரம்பு பிரியும் இடத்தில் மயிர் முளைத்த சிறு குழி இருக்கும், அதனால் இது வேறு இனம் என்று எழுதியும் வைத்திருந்தார். மூன்று மலைகளையும் சொல்லி நிலையத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினாள். பதில் இல்லை.

போன மாதம் கிஹோரி மலையில் காட்டை வெட்ட ரம்பம் இறங்கியது. அங்கே அபூர்வச் செடி எதுவும் இல்லை என்று நிலையத்துப் பட்டியல் சொன்னதாம். அப்பா அந்தச் செடிகளைத் தேடி மழையில் அங்கே ஏறிப்போனார். இறங்கி வந்தபோது கொண்டுவந்த சளிதான் நெஞ்சில் கட்டி, இன்று விடியலில் அவரைக் கொண்டுபோனது.

"கடிதம் கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது டீச்சர். ஆனா அவர் ஒட்டின செடியெல்லாம் வேற இனத்துக் கட்டுலதானே இருக்கு."

"அந்தக் கட்டுல வச்சது யாரு? அப்பாவா?"

கிமாரோ மூட்டையைப் பார்த்தார். பிறகு, ஷெம்போகோ நல்ல மனுஷன், ஆனால் செடி பறித்து வருவதுதான் அவர் வேலை, இனம் பிரிப்பது படித்தவர்கள் வேலை என்றார்.

சித்தப்பா அவள் தோளைத் தொட்டார். சாவு வீட்டுக்கு வந்தவரிடம் இப்படியா பேசுவது, கொடுத்து அனுப்பு என்றார். அவள் உள்ளே போய் ஒரே ஒரு நோட்டோடு திரும்பினாள்.

"நோட்டு இந்த வீட்டை விட்டுப் போகாது. வேணும்னா உக்காந்து பார்த்து எழுதிக்குங்க. முதல்ல அப்பா பேரை எழுதுங்க."

"எல்லாத்தையும் இப்பவா டீச்சர்?"

"திங்கக்கிழமை வர்றவருக்கு வேணும்னு சொன்னீங்களே."

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். கிமாரோ பாயில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து, ஹம்ஸா ஷெம்போகோ என்று எழுதினார். அவள் எதிரே உட்கார்ந்து வாசித்தாள். லுவேரா முடிந்தது. ம்ஸிம்பா முடிந்தது.

வெள்ளைத் துணி சுற்றிய அப்பாவை ஆண்கள் தோளில் ஏற்றினார்கள். பெண்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். கிமாரோ பாதி எழுந்தார்.

"உக்காருங்க சார், கிஹோரி இருக்கு."

ஓதும் குரல்கள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நவம்பர் ஒன்பது. ஓடைக்கு மேல்பக்கம். பதினாறு செடி. எல்லாத்துலயும் பூ."

எழுதினார்.

"இப்போ ஒண்ணும் இல்ல. அதையும் எழுதுங்க."

பேனா நின்றது. அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.