லிஃப்ட் இல்லாத கட்டடம்

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல, "உங்க மாதிரி ஒரு ஜோடியப் பாத்ததே இல்ல" என்றார்கள். மனைவியைப் பறிகொடுத்த லிஃப்ட்காரர் தலையாட்டினார். போனவளைப் பற்றி நல்லதாகச் சொல்கிறவர்களிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? அந்த ஜோடி ஒரு சமயம் அறுந்து விழ இருந்தது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஒட்டடை என்று கூப்பிடப்படும் அவருடைய கூட்டாளிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அறுத்தவர் அவர்தான். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஓர் அலுவலகத்தில் ஒருத்தியோடு பழக்கம். அவளைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் வீட்டில் சொன்ன பொய் ஒன்றுதான்: "குழியில இருந்தேன், சிக்னல் இல்ல." லிஃப்ட் கூண்டு ஏறி இறங்கும் வழிக்குக் கீழே, ஆள் இறங்கி வேலை செய்ய ஒரு குழி உண்டு. அங்கே போன் எடுக்காது என்பது உண்மை. பொய்க்கு அதைவிடப் பொருத்தமான சட்டை கிடைக்காது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு நாள், நடமாட முடியாத ஒரு பெரியவருக்கு மருந்து கொடுக்கப் போனாள். கணவர் காலையில் வேலை என்று சொல்லிவிட்டுப் போன அதே கட்டடம். மூச்சு வாங்க நாலு மாடியும் படியேறினாள். மாலையில் அவர் வந்தபோது கத்தவில்லை.

"லிஃப்டே இல்லாத கட்டடத்துல எந்தக் குழியில இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்த உறவை அன்றே முடித்தார். அந்த அலுவலகத்து வேலையை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டார். போய்விடுவாயா என்று கேட்கத் துணிவில்லாமல் நின்றவரிடம் அவளே, "இப்போதைக்கு இருக்கேன்" என்றாள். அந்த 'இப்போதைக்கு' அதன்பின் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது.

கடையில் எண்ணிய மாத்திரையையே திரும்பத் திரும்ப எண்ணவேண்டியிருக்கிறது என்றாள். தூக்கம் போயிற்று. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று, "அவ வீட்டுல டீ குடிப்பீங்களா?" என்பாள். அவர் பதில் சொல்வார். நேற்றுக் கேட்டதையே இன்று கேட்பாள். நேற்றுச் சொன்னதையே அவர் சொல்வார். ஒரு முறை வாய் தவறி, "இன்னும் எத்தன தடவ?" என்றுவிட்டார்.

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சா நானும் நிம்மதியா இருப்பேன்ல?"

அதற்குப் பிறகு அவர் கணக்குப் பார்க்கவில்லை.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். குழிக்குப் போகிறவன் "இறங்கறேன்" என்று உரக்கச் சொல்வான். மேலே சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவன் "இறங்கு" என்று திருப்பிச் சொல்லவேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் ஏணியில் கால் படக்கூடாது. பதில் வராமல் இறங்கினால், மேலே இருப்பவன் தெரியாமல் கூண்டை ஓட்டிவிடுவான், இறங்கியவனை அள்ளித்தான் எடுக்கவேண்டும். இந்த வழக்கத்தை அவர் வீட்டுக்கும் நீட்டினார். குழிக்கு முன்னால் அவளுக்கு ஒரு போன், ஏறியதும் ஒரு போன். "இறங்கறேம்மா" என்பார். "ம்" என்பாள். அந்த "ம்" வந்த பிறகுதான் இறங்குவார்.

ஒட்டடைக்குச்சி போல நீளமான அந்தக் கூட்டாளி இதைப் பார்த்துச் சிரிப்பான். "எங்களுக்கெல்லாம் ஒரு சுவிட்சுண்ணே. உங்களுக்கு ரெண்டு."

ஒரு நாள் ஒரு வணிக வளாகத்தில் லிஃப்ட் நின்றுபோயிற்று. அதன் நிர்வாகி தலைமேல் ஏறி நின்று அவசரப்படுத்தினான். லிஃப்ட்காரர் போன் செய்யாமல், 'இறங்கறேன்' என்று ஒரு மெசேஜைத் தட்டிவிட்டுக் குழிக்குள் போய்விட்டார். உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இறைத்துத் துடைத்து முடிப்பதற்குள் மத்தியானமே கழிந்துவிட்டது.

மேலே ஏறி வந்தால், கடையின் வெள்ளைக் கோட்டோடு அவள் நிற்கிறாள்.

"அண்ணி வந்து ரொம்ப நேரமாச்சுண்ணே" என்றான் ஒட்டடை. "கூப்பிடறேன்னேன். அவரா வரட்டும்னுட்டாங்க."

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் தப்பு. "பாத்தியா? நெஜமாவே குழியிலதான் இருந்தேன்!"

"சரி. நெஜம் சொன்னதுக்கு மாலை வாங்கிட்டு வரணுமா?"

ஒட்டடை ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்துவைத்த ஸ்பேனர்.

"மெசேஜ் போட்டேனேம்மா..." என்று போனை எடுத்துப் பார்த்தார். போகவே இல்லை. அந்த அடித்தளத்திலேயே சிக்னல் கிடையாது.

"ஒட்டடை பதில் சொல்லாம நீங்க குழியில இறங்குவீங்களா?" என்றாள்.

'மன்னிச்சுடு' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அது பேச்சை முடித்துவைக்கிற சொல் என்று அவருக்குப் பட்டது. விழுங்கிக்கொண்டு, "எப்படி வந்த? சொல்லு" என்றார்.

கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து சொன்னாள். எத்தனை தடவை கூப்பிட்டும் போன் கிடைக்காமல், காலையில் அவர் சொல்லிவிட்டுப் போன இந்த இடத்துக்கு, மருந்துச் சீட்டோடு நின்றவர்களை அப்படியே விட்டுக் கிளம்பியதை. பஸ்ஸில் மூச்சு முட்டிப் பாதியில் இறங்கி நடந்ததை. உள்ளே நுழைந்ததும் கண் முதலில் லிஃப்டைத் தேடியதை. "நீங்க இங்க இல்லன்னா நேரா எங்க அக்கா வீடுதான். திரும்பியே பாக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அவர் குறுக்கே பேசவில்லை. கையிலிருந்த குழிச் சேறு காய்ந்து இறுகியது. நிர்வாகி எட்டிப் பார்த்தான். ஒட்டடை தன் நீளத்தால் கதவை அடைத்து நின்றுகொண்டான்.

சொல்லி முடித்தாள். குழியில் இன்னும் கொஞ்சம் வேலை மிச்சமிருந்தது. அவர் ஏணியருகே போய், "இறங்கறேன்" என்றார்.

ஒட்டடை பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டான்.

அவர் அவளையே பார்த்து நின்றார். ஏணியைத் தொடவில்லை. அவள் எழுந்து அக்கா வீட்டுக்குக் கிளம்பினாலும் ஏன் என்று கேட்க அவருக்கு வாயில்லை. அவள் கோட்டிலிருந்த தூசியைத் தட்டினாள். லிஃப்டை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் கட்டடத்துல லிஃப்ட் இருக்கு. நானே பாத்துட்டேன்" என்றாள். "இறங்குங்க."

ஒட்டடைதான் முதலில் சிரித்தான். அவர் வேலையை முடித்து ஏறி வரும்வரை அவள் அந்த வாளியை விட்டு எழவில்லை.

மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது டீயைப் பற்றி மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார்.